வெள்ளைச் சட்டைச் சிறுவன்

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கறிச்சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு, என் மகன் லியோன் சிறுவயதில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாள் படத்தைப் போடுவேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. படத்தில் நடப்பதைக் காட்சிச்சொல்லி இயந்திரம் சொல்லும். “வெள்ளைச் சட்டைச் சிறுவன் மெழுகுவர்த்தியோடு நிற்கிறான். சிரிக்கிறான். முன்பல் ஒன்றைக் காணோம்.” எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அலுக்காது.

அன்று, “கோயில் வாசல். மெழுகுவர்த்தி ஒன்று எரிகிறது” என்றதோடு சரி. அதைப் பிடித்திருந்த என் பிள்ளை எங்கே?

“ஏட்டி ஜெசிந்தா! இந்தச் சனியனுக்கு என்ன கேடுன்னு வந்து பாரு.”

பக்கத்து வீட்டு ஜெசிந்தா வந்து பார்த்தாள். “படத்துல லியோன் இருக்கானேக்கா. பல்லைக் காட்டிட்டு நிக்கான்.”

இயந்திரக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள். “அவரோட உருவத்துக்குப் பூட்டு விழுந்திருக்கும்மா. இனி இயந்திரம் அவரைப் பத்திச் சொல்லக் கூடாது. அவரே பூட்டியிருக்கலாம். இல்லைன்னா… இறந்தவங்க உருவம் தானாப் பூட்டிக்கும்.”

“இதுல எது?”

“நாங்க சொல்லக் கூடாதும்மா. வாரிசுன்னு மனு போடுங்க. அவர் இருந்தா மனு தள்ளுபடி ஆயிரும். இல்லைன்னா உரிமை உங்களுக்கு வந்து பூட்டு திறக்கும்.”

இயந்திரம் வருவதற்கு முன்னால் எனக்குப் படம் சொன்னவன் லியோன்தான். அது வந்த பிறகும் சும்மா இருக்க மாட்டான். “யம்மா, அன்னிக்கு நீதான் அழகு” என்று குறுக்கே பேசுவான். ஒருநாள் குடித்துவிட்டு வந்து அப்படி உளறினான். “வாய மூடுல! ஒன்னைய விட மெஷினு மேலு. நீ இல்லாட்டா எனக்கு ஒண்ணும் கொறஞ்சுறாது” என்று கத்தினேன். மறுநாள் கப்பல் வேலைக்குப் போனவன், நாலு வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பாவி நான்.

மனுப் போட்டேன். மாதாவே, தள்ளுபடி ஆகட்டும். என் பிள்ளை என்னை வெறுத்தே பூட்டியிருக்கட்டும். சாகும்வரை வெறுக்கட்டும். வாரம் முழுக்க இதே ஜெபம்தான்.

அடுத்த ஞாயிறு அடுப்புப் பற்றவைக்கவில்லை. ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு படத்தைப் போட்டாள்.

“கோயில் வாசல்” என்றது காட்சிச்சொல்லி. “வெள்ளைச் சட்டைச் சிறுவன் மெழுகுவர்த்தியோடு நிற்கிறான். சிரிக்கிறான்.”

“வாய மூடு!” என்று அலறினேன்.

அது மூடவில்லை. முன்பல் ஒன்றைக் காணோம் என்றது.