கொடியா, கட்டமா

மத்தியானம் சாப்பிடப் போகும் முன் மகதலேனா போர்வைத் துணியில் ஸ்கேல் வைத்துப் போட்ட சாக்பீஸ் கோடுகளில் ஒன்று, திரும்பி வந்து பார்த்தபோது வளைந்திருந்தது. லேசாகத்தான், கொடியின் நுனி வளைவது போல. ஈரக்கை பட்டிருக்கும் என்று துடைத்துவிட்டு மறுபடி நேராக இழுத்தாள்.

கட்டத் தையல்தான் போடுவது என்று காலையில் முடிவெடுத்திருந்தாள். ஒட்டுத்துணிப் போர்வையின் மேல்துணி தங்கை ஜெசிந்தா இணைத்தது. நடுவில் பஞ்சு வைத்து உள்துணியோடு சேர்த்துத் தைக்கும் முன்பே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்போது தவழ்ந்துகொண்டிருந்த அவள் மகள் ஷார்மைனுக்கு வரும் மாதம் கிள்ளானில் கல்யாணம்.

"பெரிம்மா, அம்மா எப்பவும் போடுற கொடி டிசைன்லயே முடிச்சுக் குடுங்க லா, ப்ளீஸ்," என்று கேட்டிருந்தாள்.

அம்மாவாம்! பால் கலக்கிக் கொடுத்தது யார்? காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்தது யார்? செத்தவளோடு போட்டி போட்டு ஜெயிக்கவே முடியாது. அவளுக்கு வயதாவதில்லை, கோபம் வருவதில்லை, போட்டோவில் சிரித்துக்கொண்டே பிள்ளையைப் பறித்துக்கொள்கிறாள். அவள் இணைத்த ஒவ்வொரு துண்டின் மேலும் கட்டம் ஓடட்டும். பார்க்கிறவர்கள் இது மகதலேனா கை என்று சொல்லட்டும்.

வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பெரிய ரோட்டில் லோரிகள் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்க, முன்வாசல் தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்க, போர்வையின் மடிப்பிலிருந்து ஓடிகொலோன் வாசனை மெல்லக் கிளம்பி ஹால் முழுவதும் பரவியது. ஜெசிந்தா படுக்கையில் கிடந்தபோது நெற்றியில் துணி நனைத்துப் போட்ட அதே வாசனை. அந்தப் பாட்டிலை மகதலேனாவே அப்போது குப்பையில் போட்டிருந்தாள்.

போர்வையை மடியில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். வலது கை மேலிருந்து ஊசியை இறக்கும். இடது கை அடியில் வாங்கி மேலே அனுப்பும். சின்ன வயதில் இரண்டு பேரும் சேர்ந்து தைத்ததுண்டு. மேலே அக்கா கை, அடியில் தங்கை கை.

இறக்கினாள். வந்தது. இறக்கினாள். வந்தது.

இடி விழுந்தது போல ஒரு சத்தம். கரண்டு போய்விட்டது. பக்கத்து ஸ்டூலில் இருந்த கைபேசியை இடது கையால் எடுத்து வெளிச்சம் போட்டாள். வலது கை பழக்கத்தில் ஊசியை இறக்கியது.

ஊசி மேலே வந்தது.

மகதலேனா தன் இடது கையைப் பார்த்தாள். கைபேசி அதில்தான் இருந்தது.

தையலைப் பார்த்தாள். கட்டம் இல்லை. சாக்பீஸ் கோட்டை விட்டு விலகி, வளைந்து, சுருண்டு, இலை விட்டுப் போகிற கொடி.

எழப் பார்த்தாள். கட்டியிருந்த கைலியும் போர்வையோடு சேர்ந்து வந்தது. மடியில் இருக்கும் துணியையும் சேர்த்துத் தைத்துவிடுவது புதிதாகத் தைக்கிறவர்கள் செய்யும் தவறுதான். பிரித்துவிடலாம். கைபேசியை வைத்துவிட்டு இடது கையை அடியில் விட்டுத் துழாவினாள்.

நூல். முடிச்சு. கைலி.

விரல்கள்.

சில்லென்று இருந்தன. பிடித்துக்கொண்டன.

கேட் திறந்தது. வேலை முடிந்து நனைந்தபடி வந்த ஷார்மைன் வாசலிலேயே நின்றாள்.

"ஏன் பெரிம்மா இருட்டுல..." அப்புறம் கைபேசி வெளிச்சத்தில் போர்வையைப் பார்த்தாள். "ஐயோ, கொடி! நீங்க போட மாட்டீங்கன்னு நெனச்சேன்."

ஓடி வந்து மண்டியிட்டுக் கட்டிக்கொண்டாள். தோளில் முகம் புதைத்து, "நீங்கதான் எனக்கு அம்மா," என்றாள். இத்தனை வருஷத்தில் முதல் முறை.

அடியில், உள்ளங்கையில், ஊசி ஏறியது.

கத்தலாம். கத்தினால் பிள்ளை கையை எடுத்துவிடுவாள். மகதலேனா பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையால் அவளை இறுக்கிக்கொண்டாள்.

ஷார்மைனின் ஈரத் தலைக்கு அப்பால், யாரும் தொடாத ஊசி போர்வையின் மேல் எழுந்து வந்தது. பின்னால் வந்த வெள்ளை நூல் சிவந்திருந்தது. கொடியில் இன்னொரு இலை முளைத்தது. ஊசி மறுபடி கீழே இறங்கியது.