அணைந்த அடுப்பின் சூடு

தோல்செருப்பின் அடியைத் தாண்டிச் சூடு உள்ளங்காலைத் தொட்டதும் நீதிபதி வரேனுஸ் நின்றார். தரைக்கு அடியில் தீ விட்டுச் சூடேற்றும் அந்தக் குளியல் மண்டபம், உள்ளே ஒருத்தி செத்ததிலிருந்து ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. நாளைக்குத்தான் அடுப்பு மூட்டச் சொல்லியிருந்தார். ஊர்ப் பயம் தெளிய முதல் ஆளாகத் தாமே குளித்துக் காட்டுவதாக உத்தேசம். அதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் இந்த மத்தியானத்தில் தனியே வந்திருந்தார்.

“பால்சில்லேக், அடுப்ப மூட்டிட்டியா?” என்று சுவருக்கு அப்பால் இருந்த அடுப்புக்காரனைக் கேட்டார்.

“இல்லைங்க எசமான். சாம்பல் சில்லுனு கெடக்கு. அடுப்பு வாயில செலந்தி வலைகூட அறுபடல.”

பொய் சொல்கிற குரலாக இல்லை. ஆனால் தரைக்கு அடியில் நெருப்பு ஓடுகிற மெல்லிய உறுமல் அவருக்குக் கேட்டது. சுவர்களில் ஈரம் முத்து முத்தாகக் கசிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கோடாக இறங்கியது. பொசுங்கிய மயிரும் நனைந்த துணியும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறியது.

இதே கூடத்தில்தான் ஆரிசூத்தை அடைத்தார்கள். சக்கரவர்த்தியின் சிலைக்குத் தூபம் போட மறுத்த கிறிஸ்தவ விதவை. நகரசபைக்காரனின் மனைவியாக இருந்தவளைச் சிங்கத்துக்குப் போட்டால் ஊர் முணுமுணுக்கும் என்று, கதவைச் சாத்தி மூன்று நாள் ஓயாமல் எரிக்கத் தீர்ப்புச் சொன்னவர் வரேனுஸ். முதல் நாள் உள்ளே பாட்டுக் கேட்டது. இரண்டாம் நாள் கதவைத் தட்டும் சத்தம். மூன்றாம் நாள் அவரே வந்து கதவில் காது வைத்தார். அவர் வந்ததை எப்படித்தான் அறிந்தாளோ, கதவுக்கு மிக அருகிலிருந்து பேசினாள்.

“எங்க ஆளுங்க உங்கள மன்னிச்சிரணும்ங்கறாங்க. மூணு நாளா முயற்சி பண்றேன். எனக்கு வரல.”

அவர் சிரித்துவிட்டு, இன்னும் இரண்டு வண்டி விறகு இறக்கச் சொன்னார்.

இப்போது சிரிப்பு வரவில்லை. அடுப்புக்காரனை மறுபடி கூப்பிட்டார். சுவருக்கு அப்பாலும் நெருப்பின் உறுமல்தான் கேட்டது. மூச்சை இழுத்தால் நெஞ்சு வெந்தது. செருப்பின் தோல் சுருங்கிக் காலைக் கவ்வியது. நீராவி இடுப்புயரம் எழும்பியிருந்தது.

கதவைத் தள்ளினார். பூட்டில்லை. எளிதாகத் திறந்தது. மறுபக்கம் அதே கூடம். அதே ஈரச் சுவர். எதிரே அதே கதவு.

ஓடிப்போய் அதையும் திறந்தார்.

அதே கூடம்.

மூன்றாவது கதவைத் திறந்தபோது கைத்தோல் கைப்பிடியிலேயே தங்கிவிட்டது. வலிக்கவில்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

“அம்மா,” என்றார். வாழ்நாளில் தீர்ப்புக்கு நின்ற எவரையும் அவர் அப்படி அழைத்ததில்லை. “தெரியாம பண்ணிட்டேன்.”

நீராவி சற்று விலகியது. சுவரோரக் கல்மேடையில் ஒரு பெண் முதுகு காட்டி உட்கார்ந்து, நனைந்த கூந்தலை நிதானமாகப் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் திரும்பவில்லை. கூந்தலைத் தோளுக்கு முன்னால் போட்டுக்கொண்டாள்.

பிறகு, அவரும் உட்காரட்டும் என்று, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.