முற்றுகைக் காலத்துச் சமையலறை

பொய் சூப்பின் மேல் ஆடை படிந்திருந்தது.

முதலில் தூசி என்றுதான் அவள் நினைத்தாள். மூன்று வாரத்துக்கு முன் அவளே பிசின் காய்ச்சி, பழுப்புச் சாயம் கலந்து, அந்த இரும்பு அண்டாவில் ஊற்றி இறுக வைத்த சூப் அது. சுத்தியலால் தட்டினாலும் கீறல் விழாது. இப்போது துணியை வைத்ததும் அந்த ஆடை சுருங்கி, நைந்து, துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. விரல் நுனியில் வெள்ளையாகக் கொழுப்பு. முகர்ந்து பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது.

பாழடைந்து கிடந்த கடற்கரைக் கோட்டையை அருங்காட்சியகமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். காட்சி அமைப்பு முழுவதும் அவள் பொறுப்பு. கண்ணாடிப் பெட்டிக்குள் வாளை வைத்துப் பூட்டுகிற அருங்காட்சியகம் இல்லை இது. கொல்லன் நிஜமாகவே இரும்பு அடிப்பான், காவல்காரன் மதில்மேல் நடப்பான், வருகிறவர்கள் முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாளுக்குள் புகுந்து வெளியே போவார்கள். சமையல்காரன் வேஷத்துக்கு ஆள் கிடைக்காதபோது, நாடகம் நாடகம் என்று திரிந்துகொண்டிருந்த தன் கொழுந்தனையே கூட்டி வந்தாள்.

"சும்மா கரண்டியப் புடிச்சுட்டு நிக்கச் சம்பளமா? வீட்ல இதையே ஓசியில செய்யச் சொல்றீங்களே அண்ணி!" என்று சிரித்துக்கொண்டுதான் அவனும் வந்தான்.

சமையலறை மதிலின் வயிற்றுக்குள் இருந்தது. ஜன்னல் கிடையாது, பகலிலும் விளக்கு வேண்டும். கடல் அலை மறுபக்கம் மோதும்போது யாரோ தூக்கத்தில் வயிறு முட்ட மூச்சு விடுவதுபோல அந்தச் சத்தம் கல்லுக்குள் ஊறி வந்து அடங்கும். அடுக்கடுக்காக இருந்த பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்த நாளிலிருந்தே சுவர் வியர்த்தது. கடலோர ஈரம், உப்புப் பூக்கும், தானாகக் காயும் என்றார் கொத்தனார். உப்புப் பூக்கவில்லை. மஞ்சளாக இழை இழையாக வழிந்து, தரையைத் தொட்ட இடத்தில் மெழுகுபோல உறைந்து, மிதித்தால் செருப்பில் ஒட்டி, வீடு வரைக்கும் கூடவே வந்தது. அந்த நாற்றத்தைப் பிண நாற்றம் என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை. கழுவாத பாத்திரத்தில் பல நாள் கிடந்த மாமிசத்தை யாரோ மறுபடி சூடாக்குவதுபோல, கொஞ்சம் இனிப்பாக, தொண்டையில் போய்ப் படிகிற நாற்றம்.

அறைக்கு வெளியே மாட்ட அவள் எழுதிய பலகையை அருங்காட்சியக இயக்குநர் பாதியாக வெட்டியிருந்தார். கோட்டையை எதிரிகள் சூழ்ந்துகொண்ட நாற்பதாவது நாளே தானியம் தீர்ந்துபோனது. நூறு நாள் கழித்து உதவிக்கு வந்த கப்பலின் தலைவன் ஒரு கடிதம் எழுதியிருந்தான். உள்ளே இருந்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர், கதவைத் திறந்தவர்கள் முப்பத்தொரு பேர், எல்லாரும் கொழுத்துப் பளபளவென்று இருந்தார்கள் என்று. அந்த வரிதான் போய்விட்டது.

"புள்ளைங்க வர்ற எடம்மா. வீரர்கள் பசியை வென்றார்கள்னு போடுங்க, போதும்."

கொழுந்தனின் டிபன் டப்பாவை அன்று மதியம்தான் யதேச்சையாகத் திறந்தாள். அவள் நான்கு நாளுக்கு முன் கொடுத்தனுப்பிய சாப்பாடு பச்சையாக மயிர் முளைத்துக் கிடந்தது. பக்கத்திலேயே இன்னும் மூன்று டப்பாக்கள். எதிலும் கை வைக்கவில்லை. ஆனால் ஆள் ஊதியிருந்தான். கன்னம் உப்பி, கழுத்து மடிந்து, மேலங்கியின் நாடா இடுப்புச் சதைக்குள் புதைந்துபோயிருந்தது. போன வாரம் இதைச் சொன்னபோது கணவன் சிரித்தான். "ஒன் சமையலத் தின்னு எளச்சவன் அங்க போய்த் தேறிட்டான். கண்ணு வைக்காத."

டப்பாவோடு சமையலறைக்குள் போனாள். அவன் கிண்டிக்கொண்டிருந்தான். அண்டாவுக்குள் கரண்டி சுற்றியது. கல்லாக இறுகிய பிசினுக்குள்.

"தம்பி, என்ன இது?"

"இன்னும் சத்து எறங்கல அண்ணி."

அடுப்பில் நெருப்பு இல்லை. நெருப்பு மாதிரி எரியும் சிவப்பு பல்புதான். அண்டாவைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல் வந்த நெற்றிபோல. உள்ளே எட்டிப் பார்த்தாள். என்னமோ ஒன்று மெல்ல மேலே வந்தது. புரண்டது. வெளுத்த தோல். அதில் வரிசையாகப் படிந்த மயிர். திரும்ப மூழ்கியது.

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடி வழுக்கியது. "கைய உள்ள விட்றாதீங்க. ஒங்க முறை இல்ல இன்னிக்கு."

மதில்மேல் ஓடி, வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தியெடுத்தாள். கடல்காற்றிலும் அதே நாற்றம். குழாயடியில் மூன்று முறை கை கழுவினாள். சோப்பு நுரைத்தது. விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

நான்கு மணிக்கு ஒத்திகைக் காட்சி. பணியாளர்களின் குடும்பங்களைத்தான் அழைத்திருந்தார்கள். நிறுத்தச் சொல்லி இயக்குநரைக் கெஞ்சினாள்.

"நாத்தம் அடிச்சா நல்லதுதானம்மா? நெஜமாவே அந்தக் காலம்னு நெனைப்பாங்க. மொகம் கழுவிட்டு வாங்க, போங்க."

கணவனுக்கு போன் போட்டாள். "வராதீங்க. வாசல்லயே நில்லுங்க."

"உள்ள வந்தாச்சுடி." பின்னால் எந்தக் குரலும் இல்லை. அத்தனை பேர் இருக்கும் இடத்தில். "என்னா வாசன! இப்பதான் சாப்ட்டு வந்தேன், மறுபடியும் பசிக்குது."

துண்டித்துவிட்டான்.

ஓடினாள். முற்றத்தில் கொல்லன் இல்லை. மதிலில் காவல்காரன் இல்லை. சமையலறைப் படிகள். சுவர் முழுக்க ஈரம். கை ஊன்றினாள், வழுக்கியது. கீழே ஒரு சத்தம். உறிஞ்சுகிற சத்தம். பல வாய்கள். பேச்சே இல்லை.

நீள பெஞ்சுகளில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கொல்லன். காவல்காரன். அவர்களுடைய மனைவிமார்கள். முன்வரிசையில் இயக்குநர், தாடியில் கொழுப்பு சொட்டச் சொட்டக் கிண்ணத்தை நக்கிக்கொண்டிருந்தார். யாரும் நிமிரவில்லை. உதடுகள் மட்டும் மின்னின.

கொழுந்தன் பரிமாறிக்கொண்டிருந்தான். இடது கையால். அவன் வலது கைக்காரன்.

வலது சட்டைக்கை தோள் வரைக்கும் ஒழுங்காகச் சுருட்டி நூலால் கட்டியிருந்தது. அதற்குக் கீழே எதுவும் இல்லை. ரத்தமும் இல்லை. வெட்டிய இடத்தில் மெழுகு பூசியதுபோல ஒரு பளபளப்பு.

கத்த வாயைத் திறந்தாள். எச்சில் ஊறி வழிந்தது. அவளுக்குப் பசித்தது.

அவள் கணவன் கடைசித் துளியை விரலால் வழித்துச் சப்பினான். கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தான். அண்டாவின் பக்கத்தில் இருந்த, இறைச்சி வெட்டும் மரக்கட்டை முன் போய் மண்டியிட்டு, கல்யாணத்துக்கு அவள் அப்பா போட்ட கைக்கடிகாரத்தைக் கழற்றி, அவளைப் பார்த்துச் சிரித்தபடி நீட்டினான்.

"இதக் கொஞ்சம் புடி."

அவனுக்குப் பின்னால், கிண்ணம் காலியானவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வரிசையில் நின்று, சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.