நோன்பு திறக்காத மொன்ஜி

ஸ்ஃபாக்ஸ் துறைமுகக் காவல் நிலையத்தில் ஒல்ஃபா வேலைக்குச் சேர்ந்தது ரமலான் மாதத்தில். புதுச் சீருடை தோளில் தொளதொளவென்று தொங்கியது. வந்ததும் வராததுமாக, நோன்பு திறக்கும் நேரத்துக் காவலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் விட்டால் போதும் என்று வீட்டுக்கு ஓடினார்கள். அவளைத் தனியாக விட எனக்குத்தான் மனம் வரவில்லை.

என்னோடு வேலை பார்த்த துப்பறியும் அதிகாரி மொன்ஜியின் ஒரே மகள் அவள். இந்த நிலையத்து வாசலில்தான் அவர் செத்தார். நோன்பு திறக்கச் சொல்லிப் பீரங்கி வெடித்த நொடியில் யாரோ கதவைத் தட்டி, “நோன்பாளி, ஒரு வாய்த் தண்ணீர்” என்று கேட்டிருக்கிறான். அந்த நேரத்தில் ஆள் யாரென்று விசாரிக்கிற வழக்கம் எங்களுக்கு ஏது? பேரீச்சம்பழத்தோடு போய்த் திறந்தார். அவர் வலைவீசித் தேடிய கொலைகாரனே கத்தியோடு நின்றிருந்தான். காய்ந்த வாயோடு போய்ச் சேர்ந்தார் மனுஷர். குத்தியவனும் பிறகு சிறையில் செத்தான்.

“எதுக்குடி உனக்கு இந்த வேலை? உங்கம்மா அழுது அழுது பாதியாயிட்டா” என்றேன்.

“அப்பா இங்கதான் இருப்பாரு, பெஷீர் சித்தப்பா. அவர நோன்பு தொறக்க வைக்கணும். அப்பதான் என் தொண்டையில தண்ணி எறங்கும்.”

பீரங்கி வெடித்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. ஒல்ஃபா தண்ணீரைத் தொடாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு தட்டப்பட்டது.

“ஒல்ஃபா… ஒரு வாய்த் தண்ணி குடும்மா.”

மொன்ஜியின் குரல். சத்தியமாக அவர் குரலேதான்.

“அப்பா!”

தம்ளரோடு ஓடித் தாழ்ப்பாளை இழுத்தாள். அசையவில்லை.

அவள் காதருகே யாரோ மூச்சிரைத்தார்கள். அறைக்கு உள்ளே.

“தொறக்காத, என் ஈரக்குலையே. அது என்னைக் குத்துனவன். என் குரல்ல பேசுறான்.”

பாவிப் பெண், வெறும் காற்றுக்குத் தம்ளரை நீட்டினாள்.

“அப்ப நீ குடிப்பா. ஒரே ஒரு வாய்.”

“கதவ விட முடியாதும்மா.”

தண்ணீர் அப்படியே இருந்தது. அவள் அழுத அழுகையை நான் எந்த இழவு வீட்டிலும் கேட்டதில்லை.

விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கதவின் உட்புறம், ஓர் ஆளின் முதுகு அகலத்துக்கு வியர்வையில் நனைந்திருந்தது. ஒல்ஃபா அதில் கன்னத்தைப் பதித்துக்கொண்டாள்.

“அப்பா வாசனை, சித்தப்பா.”

வெளியே மறுபடி தட்டினான்.

ஈரம் இன்னும் கொஞ்சம் பரவியது.