முதுகு காட்டாத குழாய்க்காரன்

குழாய்க்காரன் சமையலறையிலிருந்து பின்பக்கமாகவே நடந்து வெளியேறினான். முகம் அவளை நோக்கி, பார்வை மட்டும் தரையில். நடுவே கிடந்த நாற்காலியில் இடிக்கவுமில்லை, நிலைப்படியில் தடுக்கவுமில்லை. நாலு நாளாகக் கூப்பிட்டும் எட்டிப் பார்க்காத ஆள், இன்றைக்கு மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறானே என்று அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

கதவு சாத்திக்கொண்ட பிறகுதான் அவளுக்கு அந்த நடை உறைத்தது. அரச குடும்பத்தாருக்கு முதுகு காட்டக் கூடாது என்று அரண்மனை வேலையாட்களை நடக்கப் பழகும்போதே பழக்கிவிடுவார்கள். என்ன வேஷம் போட்டால் என்ன, கால் மறக்குமா? அண்ணன் அப்பாவைக் கொன்று அரியணை ஏறிய அன்று நாட்டைவிட்டு ஓடிவந்தவள் அவள். பதினோரு வருடமாக இங்கே வெறும் தையல்காரி. பெற்ற மகளிடம்கூட மூச்சு விட்டதில்லை.

தையல் மிஷின் எண்ணெய் வாசனையும் ஈரத்துணி வாடையும் அடைந்துகிடந்த அந்தப் பகல் வெளிச்சத்தில், எப்போதும் இரைச்சலாயிருக்கும் மாடிப்படியில் ஒரு பேச்சுக்குரல்கூட இல்லாமல், பல ஜோடி பூட்ஸ்கள் மெதுவாக ஏறி, ஒவ்வொரு தளத்திலும் ஒன்றிரண்டாக நின்றுகொண்டே வந்தன.

பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டாள்.

"டீச்சர், பாப்பாவ யார்கூடயும் அனுப்பிடாதீங்க!"

"அடடா, இப்பத்தானே போறா! உங்க அண்ணன் வந்திருந்தாரு. முகம் அச்சு அசல் நீங்கதான், யாருக்குச் சந்தேகம் வரும்? எவ்ளோ தங்கமான மனுஷன்!"

பாவி. படுபாவி.

செருப்பில்லாமல் ஓடினாள். படிகளில் நின்றவர்கள் தடுக்கவில்லை. தலைகுனிந்து வழிவிட்டார்கள். தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

பள்ளிக்கூட வாசலில் வேன். கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. அப்பாவின் அத்தர் வாசனை. அண்ணன். அவன் மடியில் மகள். அவன் விரல்கள் குழந்தையின் கழுத்தில், மெல்ல, தடவிக்கொண்டு.

"கத்தாதம்மா. புள்ள பயந்துடும்," என்றான். "ஏறு. வீட்டுக்குப் போலாம்."

அவளால் ஓட முடியும். மகளால் முடியாது.

ஏறினாள். கதவு மூடியது.

"அம்மா, இங்க பாரேன்! தாத்தாவோடதாம். மாமா குடுத்தாரு."

மகள் உள்ளங்கையை விரித்தாள். அப்பாவின் முத்திரை மோதிரம். வெட்டியெடுத்த, காய்ந்து கறுத்த அந்த விரலிலிருந்து அதைக் கழற்ற யாரும் மெனக்கெட்டிருக்கவில்லை.