ரெசின் காயும் வரை

சுஜானி படகின் வெளியிலிருந்து இரண்டு தட்டுத் தட்டினால் அவள் கணவன் துஷாந்த் உள்ளேயிருந்து இரண்டு தட்டுத் தட்டுவான். அதுதான் அவர்கள் வேலை செய்யும் முறை. கண்ணாடி நார்த்துணியை ரெசின் என்ற பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டிய படகின் உடலில் எங்காவது காற்று அடைபட்டுக் கிடந்தால், நாணயத்தால் தட்டும்போது அந்த இடம் மட்டும் மொத்தென்று கேட்கும். அவள் வெளியே பென்சிலால் வட்டம் போட, அவன் உள்ளே அதே இடத்தைத் தேடிப் பிடிப்பான். அன்று பின்னேரமும், சூடேற்றியின் இரைச்சலுக்கும் ரெசினின் மூக்கை அரிக்கும் மணத்துக்கும் நடுவில், படகின் முன்பக்கமாகத் தட்டிக்கொண்டே போனாள். பதில் ஒழுங்காக வந்தது. பசி தாங்க முடியாமல் புட்டுப் பெட்டியைத் திறந்து, "காணும், வெளியிலை வாங்கோ, சாப்பிடுவம்" என்று படகைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

கொட்டகையின் வாசல் கதவு திறந்தது. தோள் முழுக்கப் பனியோடு துஷாந்த் வந்தான், கையில் இரண்டு கோப்பி.

"ஆரோடை கதைக்கிறீர்?"

"நீங்கள் உள்ளையெல்லோ இருந்தனீங்கள்?"

"நான் அப்பவே கோப்பி வாங்கப் போயிட்டனே. சொன்னனான், உமக்குக் கேக்கேல்லைப் போலை."

அவள் படகைத் திரும்பிப் பார்த்தாள். படகுக்குள் யாரோ தட்டினார்கள் என்று சொன்னபோது அவன் சிரித்தான். "பசிச்ச பேயாக்கும். சாப்பிடவும் கூப்பிட்டிட்டீர், இனி அது எங்கை போகப்போகுது?"

சாப்பாட்டைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும். வீட்டில் அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். வெஸ்ட்லியில் அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் நொர்வேக்காரர் தங்கள் பாண் பொதியைப் பிரித்துப் பேசாமல் சாப்பிடுவார்கள். இவள் மட்டும் ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள், அவர்களும் ஒவ்வொரு நாளும் சிரிப்பார்கள். நாக்கு தானாகச் சொல்லிவிடுகிறது, என்ன செய்ய?

கோதாரி விழுந்த படகு! ஆறு குளிர்காலம் இந்தக் கொட்டகையில் போயிருந்தது. துஷாந்த் விடிய முன்னர் எழும்பி பஸ் ஓட்டுவான். வேலை முடிந்ததும் எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் வீட்டுக்கு வராமல் நேரே இங்கே வந்துவிடுவான். படகின் படத்தையும் அவனே கீறினான். அத்லாந்திக்கைத் தாண்ட வேண்டிய படகு என்பதால் அடியில் கனத்த ஈயம், தண்ணீர் புகாத சின்னக் கூடம், எல்லாவற்றுக்கும் முன்னால் காற்றுப் போகாமல் மூடப்போகும் ஓர் அறை. அதற்கு மூக்கறை என்று பேர் வைத்திருந்தான். நடுக்கடலில் எதிலாவது மோதி முன்பக்கம் உடைந்தாலும், தண்ணீர் அந்த அறையோடு நின்றுவிடும். அவளுக்கு அத்லாந்திக்கும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நார்த் தூசியால் கைகளைச் சொறிந்து சொறிந்து, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே நித்திரையாகிப்போகும் இந்த மனுசன் முழுசாக வீட்டுக்குத் திரும்பி வந்தால் போதும்.

அடுத்த நாள் அவள் தட்டவில்லை. ஆனாலும் தட்டல் கேட்டது. மூக்கறைக்குள் மெதுவாக இரண்டு, கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு. துஷாந்த் விளக்கோடு உள்ளே ஊர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, சூட்டில் உள்பலகை விரிகிறது என்றான். அதற்கடுத்த நாள் சத்தம் கூடத்துக்கு வந்திருந்தது. பிறகு படகுக்குள் இருந்த படுக்கைக்குக் கீழே. பிறகு ஏணிப்பக்கம், வெளியே வரும் வாசலுக்குக் கிட்ட. கூப்பிட்ட குரலை நோக்கி அது வருகிறது என்று அவளுக்குத் தோன்றியது, ஆனால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"இஞ்சேருங்கோ, இதை விடுவம். வீட்டை வாங்கோ."

அவன் தரையிலேயே குந்திவிட்டான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "மூக்கறையை மூடினால் பெரிய வேலை முடிஞ்சுது. வாற வசந்தத்திலை தண்ணியிலை இறக்கேல்லையெண்டால் நானே வெட்டி எறியிறன். ஒரு கிழமை தாரும். சரியாக் களைச்சுப்போனன், சுஜானி."

அவளும் களைத்துத்தான் போயிருந்தாள். சண்டை பிடிக்கத் தெம்பில்லை. சரி என்றாள்.

அந்தக் கிழமை முடியும் நாள், வேலை விட்டு அவள் கொட்டகைக்கு வந்தபோது மூன்றரைக்கே இருண்டிருந்தது. உள்ளே வெக்கை அடித்தது. புது ரெசினின் மணம் தொண்டை வரை இறங்கியது. துஷாந்த் ஏணியடியில் நின்று சிரித்தான். குளிர்காலச் சட்டை போட்டிருக்கவில்லை.

"வந்திட்டீரே? மூக்கறை மூடியாச்சு."

"தனியவோ செய்தனீங்கள்?"

"ஓம்."

கண்ணுக்குக் கீழே கறுப்பு இல்லை. முதுகு நிமிர்ந்திருந்தது. கலியாணம் கட்டிய புதிதில் பார்த்த ஆள் திரும்பி வந்ததுபோல் இருந்தான். "பசிக்குது எனக்கு," என்றான். "வாரும், வீட்டை போவம். இனிப் படகும் வேண்டாம், கடலும் வேண்டாம். உம்மோடைதான் இருப்பன்."

ஆறு குளிர்காலமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. சந்தோசத்தில் அழுகையே வந்துவிட்டது. அவன் கையைப் பிடித்தாள், கை குளிர்ந்திருந்தது. பாவம், சட்டையில்லாமல் நிற்கிறான்.

"உங்கடை சட்டை எங்கை?"

"அது கிடக்கட்டும்."

"வெளியிலை எவ்வளவு குளிர் தெரியுமோ! நில்லுங்கோ, எடுத்துக்கொண்டு வாறன்."

அவன் தடுக்கவில்லை. அவள் ஏணியில் ஏறிப் படகுக்குள் இறங்கினாள். சட்டை கூடத்தில் கிடந்தது. எடுக்கக் குனிந்தபோது அவன் கை ஏன் இவ்வளவு சுத்தமாக இருந்தது என்று யோசித்தாள். ரெசின் வேலை செய்த கை. ஒரு கறை இல்லை. ஒருதரம்கூடச் சொறியவில்லை.

முன்னால் வெளிச்சம் தெரிந்தது.

மூக்கறையின் வாய் இருந்த இடத்தில் புதுச் சுவர். ரெசின் குடித்தால் நார்த்துணி வெள்ளை நிறம் இழந்து கண்ணாடிபோல் ஆகிவிடும். அதற்கு மேல் இன்னும் பலகையும் வைக்கவில்லை, வர்ணமும் பூசவில்லை. சுவருக்குப் பின்னால்தான் அந்த வெளிச்சம். தலையில் கட்டும் விளக்கு.

கிட்டப் போனாள்.

ஒரு முகம்.

கண்ணுக்குக் கீழே கறுப்பு. தாடியில் நார்த் தூசி. உள்ளங்கை இரண்டும் சுவரில் பதிந்திருந்தன. சொறிந்து சிவந்த கைகள்.

"ஐயோ! துஷாந்த்!"

வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. அவ்வளவு இறுக்கமாக மூடியிருந்தது. தண்ணீர் புகாத அறை, காற்றும் புகாது.

அவள் சுவரைத் தள்ளினாள். சூடாக இருந்தது. இறுகும்போது ரெசின் சூடாகும். இன்னும் கொஞ்சம் வளைந்தது. மீண்டும் தள்ளினாள். வளையவில்லை. குத்தினாள். கத்தி எங்கே, அறுக்கும் வாள் எங்கே, எப்போதும் இந்தத் தட்டில் கிடக்கும் ஒன்றையும் காணவில்லை. நகத்தால் பிறாண்டினாள். நகம் உடைந்தது.

துஷாந்த் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலால், பின்னால் பார்த்தான்.

ஏணி கிறீச்சிட்டது.

"சட்டை கிடைச்சுதோ?"

அவள் திரும்பவில்லை. பின்னாலிருந்து ஒரு கை வந்து அவளுடைய கையைச் சுவரிலிருந்து மெதுவாக எடுத்தது. குளிர்ந்த கை. அன்பாகத்தான் பிடித்தது.

"தொடாதையும்," என்றது துஷாந்தின் குரல். "காயட்டும்."

சுவருக்கு அப்பால் அவன் வாய் இருந்த இடத்தில் மூச்சுப் பட்டு வெள்ளையாக ஆவி படிந்தது. மறைந்தது. மீண்டும் படிந்தது, முன்னதைவிடச் சிறிதாக.