மண் ஒட்டாத காளான்

வீட்டில் தேன் கிடையாது. வாங்கியே வருஷமாகிறது. அப்படியிருக்க, கடையிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் நுழைந்தவனின் மூக்கில் ஏறியது தேன் வாசனை. நல்ல தேனும் இல்லை. மூடி சரியாகப் போடாத பாட்டிலின் அடியில் எறும்பு செத்து மிதக்குமே, அந்தத் தேன்.

காளான் வியாபாரி அவன். சரக்கை மோந்தே விலை சொல்கிறவன். வாசனையைப் பிடித்துக்கொண்டே போனான். மேடைக்கு அடியில் மச்சினனின் கூடை. முந்தாநாள் சமைத்தது போக மீதிக் காட்டுக் காளான், ஈரத்துணி போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. துணியை விலக்கினான். குடைகளில் வெளிறிய பச்சை. அடியில் மடிப்புகள் வெள்ளைவெளேர். காம்பில் கிழிந்த பாவாடை மாதிரி ஒரு வளையம்.

காம்பைத் தலைகீழாகத் திருப்பினான். மண்ணுக்குள் இருக்கும் பாதம் இல்லை. கத்தியால் சுத்தமாக நறுக்கியிருந்தது.

அந்த நறுக்கு அவன் போட்ட சட்டம். காட்டுக் காளானை அடியோடு தோண்டு, பாதத்தைப் பார்க்காமல் கூடையில் போடாதே என்பது தொழிலின் பாலபாடம். பாதத்தைச் சுற்றிப் பை மாதிரி உறை இருந்தால் அது ஆளைக் கொல்லும் காளான்; பாதத்தில் பை, வாசலில் பாடை. ஆனால் பாடம் வேறு, எடை வேறு. "மண்ணுக்கு நான் காசு தர முடியாது, வெட்டி எடுத்துட்டு வா" என்று பறிக்கிறவர்களிடமெல்லாம் கறாராகச் சொல்லிவைத்தவன் அவன்தான். மச்சினனிடம் இன்னும் கறாராக.

முந்தாநாள் அந்த மச்சினனோடு வாய்ச்சண்டை முற்றி, சாப்பிடாமல் படுத்துவிட்டான். மனைவியும் அவள் தம்பியும் தின்றார்கள். நேற்று முழுக்க இருவருக்கும் வாந்தி, பேதி. பழைய எண்ணெய் என்று நினைத்துக்கொண்டான். இன்று தேறிவிட்டார்கள். முன்னறையில் அக்காவும் தம்பியும் எதையோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. பாதத்தைப் பார்த்துவிட்டே சொல்வதென்று, சத்தமில்லாமல் கொல்லைப்புறமாக வெளியேறினான்.

மச்சினன் பறித்த இடம் தெரியும். மரக்கடைக்குப் பின்புறம், கிழட்டு மரங்களுக்கு அடியில், மழை அப்போதுதான் விட்டிருந்தது. இலைகளின் தண்ணீர் பிடரியில் விழுந்து சட்டைக்குள் ஊர்ந்து இறங்க, யாரோ பின்னாலேயே வந்து சப்புக்கொட்டுவது போலச் சகதி ஒவ்வோர் அடிக்கும் சத்தம் போட, மக்கிய இலையின் வாடை தொண்டை வரை வந்து உட்கார்ந்துகொள்ள, செல்போன் வெளிச்சத்தில் அவை தெரிந்தன. வெட்டிய காம்புகள். பல் பிடுங்கிய ஈறு மாதிரி, வரிசையாக.

மண்டியிட்டுத் தோண்டினான். ஈர மண். வேர். பிறகு வழவழப்பு. உடைத்த முட்டையை நட்டுவைத்தது போல ஒரு வெள்ளைப் பை. அடுத்த காம்பு. பை. அதற்கடுத்தது. பை. விரல் போன இடமெல்லாம், இன்னும் வெளியே வராத முட்டைகள் மண்ணுக்குள் மெத்தென்று அமுங்கிக் கொடுத்தன.

சேறு அப்பிய விரலால் டாக்டரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான்.

"தேறிட்டாங்களா? அதுதான்யா மோசம்! வெளிய அமைதியா இருக்கும், உள்ள ஈரல் கரைஞ்சுக்கிட்டிருக்கும். ரெண்டு பேரையும் இப்பவே கொண்டாங்க!"

பையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு ஓடி வந்தான். வீட்டில் வாணலி சீறிக்கொண்டிருந்தது. கூடை காலி.

"அது விஷம். ரெண்டு பேரும் எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

மச்சினன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "ஆரம்பிச்சுட்டாருக்கா. போன மாசம் அழுகல்னாரு, போன வாரம் பூச்சின்னாரு, இன்னிக்கு விஷம். அடுத்தது என்ன மாமா, பேய் புடிச்ச காளானா?"

"டேய், இதைப் பாருடா. பை!"

"மண்ணுக்குள்ள ஆயிரம் கிடக்கும். மண்ணோட கொண்டு வராதேன்னது யாரு?"

முதல் ரகச் சரக்கையே மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதை மாடு திங்குமா?" என்று கேட்டுத்தான் அவன் விலையை இறக்குவான். திரைக்குப் பின்னால் நின்று அந்த நாடகத்தைப் பார்த்துச் சிரித்துப் பழகியவள் மனைவி. இப்போது அவன் சேற்றுக் கையில் பையை நீட்டிக்கொண்டு நிற்பதையும் அவள் ரசித்துப் பார்த்தாள். நடிப்பு தேறியிருக்கிறது என்பது போல.

"டாக்டரே சொன்னாரு."

"உங்க வாடிக்கைதானே அவரு? நீங்க எழுதிக் கொடுத்ததைப் படிச்சிருப்பாரு."

அவள் கையைப் பிடித்து இழுத்தான். மச்சினன் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டு, அதன்மேல் சாய்ந்துகொண்டான்.

அவள் காலில் விழுந்தான். பிறந்ததிலிருந்து அவன் பேரம் பேசாமல் கேட்ட முதல் விஷயம் அது.

"சரி, வரேன்" என்றாள்.

மூச்சு வந்தது.

"ஆனா ஒரு வாய். என் தம்பி பறிச்சது, என் கையால. இத்தனை நாள் அவனைக் கேவலப்படுத்தினீங்கல்ல, அதுக்கு. முழுங்கின அடுத்த நிமிஷம் ரெண்டு பேரும் வண்டியில ஏறுறோம். இல்லேன்னா இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன்."

"வேற எதுனாலும் கேளு."

"வேற எதுவும் வேணாம்."

"பாதி" என்றான். "பாதி வாய்."

"பேரமே கிடையாதுங்க. ஒரே விலை."

கரண்டியை எடுத்தாள். விளக்குக்கு நேரே வந்து குனிந்தாள்.

கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லை.

மஞ்சள். ஓரத்திலிருந்து கருவிழி வரை.

கதவுப் பக்கம் பார்த்தான். மச்சினனின் கண்களும். அவன் இன்னும் மென்றுகொண்டிருந்தான்.

கரண்டி உதட்டில் பட்டது. சூடு. வழவழப்பு. எதிரே நான்கு மஞ்சள் கண்கள், இமைக்காமல், சிரித்தபடி.

வாய் திறந்தது.